குரல்வளை முகமூடி

குறு அறுவைகளில் மயக்க நிலையில் உள்ளவரின் மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் கருவி. அறுவை அரங்குகளில் ‘எல்.எம்.ஏ.’ என்றே வழங்கும்.

தமிழகத்தில் அறுவை பழையது; மயக்கமூட்டல் பின்னால் வந்தது. உத்திரமேரூருக்கு வடக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திர சோழன் காலக் கல்வெட்டு (11ஆம் நூற்றாண்டு), 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையையும் (மருத்துவமனை) அதில் சல்லியக்கிரியை (அறுவை) செய்பவர் ஒருவரையும் குறிக்கிறது. மருந்துகளைப் பெயர் பெயராக அடுக்கும் அக்கல்வெட்டில் மயக்கமூட்டல் பற்றிய பேச்சில்லை. இந்தியாவுக்கு மயக்க மருந்தான ஈதர் வந்தது 1847இல். மற்றொரு மயக்க மருந்தான குளோரோஃபார்ம் தந்த சாவுகளில் முதலில் நிற்பது மூச்சே என்று, அவற்றை ஆராய்ந்த ஐதராபாத் ஆணையங்கள் (1888, 1889) கூறின. இதயமே என்று வாதிட்டோரும் உண்டு.

மயக்கத்தில் மூச்சைக் காக்க ஒரு வழி டியூப். வாய்வழி மூச்சுக்குழல் டியூபை மயக்கத்துக்குப் பயன்படுத்தியவர் கிளாஸ்கோவின் மக்கீவன் (1878). காற்றடைத்த உறை கொண்ட டியூப் நீர்புகாதது என்று காட்ட, 1920களில் அமெரிக்கரான கெடல் மயங்கிய தம் நாயைத் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தினார். நாய் நலமாக விழித்தது. அதன் பெயரே ‘ஏர்வே’ (மூச்சுப்பாதை).

முகமூடியை அழுத்திப் பிடித்துக் கை ஓய்வதற்கும், டியூபைக் குரல்வளைக்குள் செலுத்துவதற்கும் இடையே ஒரு வழி தேடியவர் லண்டன் மயக்க மருத்துவர் ஆர்ச்சி பிரெய்ன். 1981இல் பல் மருத்துவர்களின் கோல்ட்மேன் மூக்கு முகமூடியிலிருந்து காற்றுறையைக் கழற்றி, சாய்வாக வெட்டிய டியூபின் முனையில் ஒட்டினார். இறந்தோர் தொண்டையில் எடுத்த பிளாஸ்டர் வார்ப்புகளை வைத்து வடிவத்தைத் திருத்தினார். அக்கருவி முதலில் பயன்பட்டது இங்கிலாந்தின் ஆஷ்ஃபோர்டில், ஒரு குடலிறக்க அறுவையில் என்பர். அதைப் பற்றிய அவரது கட்டுரை 1983இல் வெளிவந்தது; கருவி 1988இல்தான் விற்பனைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் தம் கையாலேயே மாதிரிகளை ஒட்டி ஒட்டிப் பார்த்தார்.

டியூப் செலுத்தக் குரல்வளையைக் காட்டும் லாரிங்கோஸ்கோப்பும், பெரும்பாலும் தசைத்தளர்வு மருந்தும் வேண்டும். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும். எல்.எம்.ஏ.வில் இவை குறைவு, தொண்டை வலியும் பொதுவாகக் குறைவு. ஆனால் அதன் பழைய வகை, சுமார் 20 செ.மீ. நீர் அழுத்தத்துக்கு மேல் காற்றைக் கசியவிடும்; வயிற்றிலிருந்து மேலேறுவது மூச்சுக்குழலுக்குள் போவதை டியூபைப் போலத் தடுக்காது. இரைப்பை வடிகால் வழியுடன் புரோசீல் (2000), காற்றடைக்கத் தேவையில்லாத ஐ-ஜெல் (2007) ஆகியவை பின்னர் வந்தன. இவற்றுள் தொண்டைக்கு இதமானது எது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. 2011இல் வெளியான பிரிட்டன் கணக்கெடுப்பில் முழு மயக்கங்களுள் 56 விழுக்காடு இவ்வகைக் கருவிகளில் நடந்தது.



வயிறு நிறைந்தவருக்கு இக்கருவி பொருந்தாது. மயக்கத்துக்கு முன் தண்ணீருக்கு 2 மணி, லேசான உணவுக்கு 6 மணி இடைவெளி கேட்பார்கள். பாலும் கஞ்சியும் உணவுக் கணக்கில்தான் சேரும்.