கணிப்பொறி வலையில் பெயரும் எண்ணும்

சென்னையிலிருந்து காந்திகிராமத்திற்கு ஒரு கடிதம் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பெறுபவர் பெயர், ஊர், மாவட்டம் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் 624302 என்ற எண்ணையும் எழுதுகிறோம். இதில் முதலில் உள்ள 6 தமிழகமும் கேரளமும் அடங்கிய அஞ்சல் மண்டலத்தைக் காட்டும். முதல் மூன்று இலக்கங்களாகிய 624 திண்டுக்கல் பகுதியைக் காட்டும். கடைசி மூன்று இலக்கங்கள் காந்திகிராம அஞ்சலகத்தைக் காட்டும். 1972 ஆகஸ்டு 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்தப் பின்கோடு முறையின் சிறப்பு என்ன? சென்னையில் கடிதம் பிரிப்பவருக்குக் காந்திகிராமம் எங்கே இருக்கிறது என்பதே தெரிய வேண்டியதில்லை. 624 என்பதைப் பார்த்துத் திண்டுக்கல் பையில் போட்டால் போதும். மீதியைத் திண்டுக்கல் அஞ்சலகம் பார்த்துக்கொள்ளும்.

கணிப்பொறி வலையிலும் இதே நிலைதான். மனிதர்களாகிய நமக்குப் பெயர் வசதி. எந்திரத்திற்கு எண் வசதி. நாம் ஒரு பெயரைத் தட்டச்சு செய்தால், அதற்குரிய எண்ணைக் கண்டுபிடித்த பிறகே கணிப்பொறி செய்தியை அனுப்ப முடியும். இந்தப் பெயர்மாற்று வேலை நின்றுவிட்டால், கம்பி நன்றாக இருந்தாலும், கட்டணம் கட்டியிருந்தாலும், இணையமே இல்லாததுபோல் தோன்றும். ஆப்பரேட்டிங் சிஸ்டம் எனப்படும் இயக்க அமைப்பைப் புதுப்பித்த மறுநாளில் இந்தக் கோளாறு அடிக்கடி தலைகாட்டுகிறது. நேற்றுவரை ஓடிய கணிப்பொறி இன்று பெயர்களை மறந்தது ஏன்? இதற்கு விடை காண, ஐம்பது ஆண்டு வரலாற்றைச் சற்றுப் புரட்ட வேண்டும்.

ஒரே ஒரு பட்டியல்

இன்றைய இணையத்தின் தாயாகிய அர்ப்பாநெட் 1969இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதில் இருந்த கணிப்பொறிகள் சிலவே. அவற்றின் பெயர்களையும் எண்களையும் கலிபோர்னியாவில் உள்ள ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையம் ஒரே பட்டியலாக வைத்திருந்தது. இந்தத் தகவல் மையத்தை எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணி நடத்திவந்தார். புதிய கணிப்பொறியை இணைப்பவர் மையத்திற்குச் செய்தி அனுப்புவார். மையம் பட்டியலைத் திருத்தும். மற்றவர்கள் அந்தப் பட்டியலை அவ்வப்போது தத்தம் கணிப்பொறிக்கு நகல் எடுத்துக்கொள்வார்கள். பட்டியலின் பெயர் 'ஹோஸ்ட்ஸ்'.

சிறிய ஊருக்கு இது போதும். ஊர் வளர்ந்தால்? 1981 ஆகஸ்டில் 213 கணிப்பொறிகள் இருந்தன. 1983 ஆகஸ்டில் அவை 562 ஆயின. 1987 டிசம்பரில் 28,174 ஆகிவிட்டன! ஒவ்வொருவரும் முழுப் பட்டியலையும் மீண்டும் மீண்டும் நகல் எடுத்தால் வலையே அடைத்துக்கொள்ளும். நகல் எடுக்கத் தவறியவரிடம் பழைய எண்ணே இருக்கும். ஒரே பெயரை இருவர் வைத்துக்கொண்டால் குழப்பம்.

பொறுப்பைப் பங்கிட்ட முறை

இதற்குத் தீர்வு காணும் பணியை ஜான் போஸ்டல் என்ற அறிஞர், தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிலையத்தில் பணியாற்றிய பால் மோக்கபெட்ரிஸிடம் ஒப்படைத்தார். மோக்கபெட்ரிஸ் 1983 நவம்பரில் வெளியிட்ட திட்டமே 'டி.என்.எஸ்.' எனப்படும் பெயர் முறை. 1987இல் அது செம்மையாக்கப்பட்டது. அந்த அடிப்படையே இன்றும் நிற்கிறது.

இந்த முறை பின்கோடு போன்றதே. ஆனால் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தின் இணையப் பெயர் 'ரூரல்யூனிவ் டாட் ஏசி டாட் இன்'. நம் கணிப்பொறியின் சார்பில் கேட்கும் பெயர் சர்வர், முதலில் உலகின் வேர் சர்வர்களில் ஒன்றை அணுகும். அது, "எனக்கு அந்தப் பெயர் தெரியாது, 'இன்' என்று முடிவதால் இந்தியாவைக் கேள்" என்று வழிகாட்டும். இந்திய சர்வர் 'ஏசி', அதாவது கல்வி நிறுவனங்களின் பெயர்களைக் கவனிக்கும் சர்வரைக் காட்டும். அது பல்கலைக்கழகத்தின் சர்வரைக் காட்டும். கடைசியில் எண் கிடைக்கும். யாரிடமும் முழுப் பட்டியல் இல்லை. அவரவர் எல்லைக்கு அவரவர் பொறுப்பு.

ஒவ்வொரு முறையும் இத்தனை படி ஏறினால் நேரமாகாதா? ஆகும். எனவே கிடைத்த விடையைச் சிறிது காலம் நினைவில் வைத்துக்கொள்ளவும் மோக்கபெட்ரிஸ் வழி செய்தார். ஒவ்வொரு விடையோடும் அது செல்லுபடியாகும் கால அளவும் சேர்ந்தே வரும். 1985 செப்டம்பர் 15இல் மதுரை மாவட்டத்திலிருந்து திண்டுக்கல் மாவட்டம் பிரிந்தது. வீட்டு முகவரிப் புத்தகத்தைத் திருத்தாதவர் அதன் பிறகும் 'மதுரை மாவட்டம்' என்றே எழுதிக்கொண்டிருப்பார் அல்லவா? நினைவில் வைத்த விடையும் அப்படித்தான். காலக்கெடு முடியும்வரை அதில் பழைய செய்தி இருக்கக்கூடும்.

இந்தியாவின் 'இன்' என்ற பெயர்முடிவு 1989இல் பதிவாயிற்று. பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15இல் தொடங்கியது. பெயரைத் தமிழிலேயே எழுதும் முயற்சியிலும் தமிழுக்கு நல்ல இடம் உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ தலைமையில் 1998இல் தொடங்கிய பன்மொழிப் பெயர் ஆய்வில் தமிழும் இடம்பெற்றது. இன்று '.இலங்கை', '.சிங்கப்பூர்', '.இந்தியா' என்று முடியும் பெயர்கள் உலகின் வேர்ப் பட்டியலில் உள்ளன.

புதிய அமைப்பு, பழைய கோளாறு

டி.என்.எஸ். வந்தபின் ஹோஸ்ட்ஸ் கோப்பு ஒழிந்ததா? இல்லை. விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் அது இன்றும் இருக்கிறது. பெரும்பாலும் முதலில் அதுவே பார்க்கப்படுகிறது. ஆக, பெயரை எண்ணாக்க ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உள்ளன. எந்த வழியை முதலில் நாடுவது, எந்த சர்வரைக் கேட்பது என்பவற்றை முடிவு செய்வது இயக்க அமைப்பே. அது மாறும்போது இந்த ஏற்பாடும் மாறிவிடுகிறது. கோளாறின் வேர் இங்கேதான்.

சில எடுத்துக்காட்டுகள் பார்ப்போம். சன் நிறுவனம் 1992இல் சோலாரிஸ் 2 என்ற புதிய அமைப்பைக் கொண்டுவந்தது. தேடும் வரிசையைக் குறிக்க அதில் ஒரு சிறு கோப்பு இருந்தது. 'கோப்புகள்' என்று மட்டும் அதில் எழுதியிருந்து 'டி.என்.எஸ்.' என்ற சொல் இல்லாவிட்டால், சர்வரின் எண்ணைச் சரியாகக் கொடுத்திருந்தும் பயனில்லை. அந்த சர்வரை யாரும் கேட்கவே மாட்டார்கள். ஒரு சொல் சேர்த்ததும் கோளாறு தீர்ந்துவிடும்.

ஆப்பிள் நிறுவனம் 2014 அக்டோபரில் வெளியிட்ட யோசமிட்டி அமைப்பில், பெயர் தேடும் பழைய நிரலை நீக்கிப் புதிய நிரலை வைத்தது. பலருக்கும் தொல்லைகள் நேர்ந்தன. 2015 ஜூனில் வந்த திருத்தத்தில் பழைய நிரலே மீண்டும் இடம்பெற்றது. பெரிய நிறுவனத்திற்கும் இது எளிய காரியம் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

லினக்ஸில் சர்வர் எண்ணை 'ரிசால்வ் டாட் கான்ஃப்' என்ற கோப்பில் கையால் எழுதுவது நெடுநாள் வழக்கம். 2012இல் வந்த உபுண்டு 12.04 முதல் அந்தக் கோப்பை வேறொரு நிரல் தானே எழுதத் தொடங்கியது. 2018இல் வந்த 18.04 பதிப்பில் அதைத் திறந்தால் 127.0.0.53 என்ற எண் காணப்படும். 127 என்று தொடங்கும் எண் வெளியே எங்கும் செல்லாது. கணிப்பொறி தன்னையே சுட்டும் எண் அது. கணிப்பொறிக்குள்ளேயே ஓர் இடைத்தரகர் அமர்ந்து, கேள்வியை வாங்கி வெளி சர்வருக்கு அனுப்புகிறார் என்று பொருள். இதை அறியாதவர், "தவறான எண்" என்று எண்ணி அழித்துவிட்டுத் தாமாக ஓர் எண்ணை எழுதுவார். வேலை நடக்கும். மறுமுறை இயக்கும்போது நிரல் அந்தக் கோப்பை மீண்டும் எழுதிவிடும். கோளாறு திரும்ப வரும்.

தமிழகத்திற்கும் இதில் தொடர்பு உண்டு. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணிப்பொறி தரும் திட்டத்தை அரசு தொடங்கியதால், கணிப்பொறி வைத்திராத பல சிற்றூர் வீடுகளிலும் அது நுழைந்தது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான ஆதரவு நின்றபோது, உலகெங்கும் அலுவலகங்கள் இயக்க அமைப்பை மாற்ற நேர்ந்தது. பழுதுபார்ப்பவர் அருகில் இல்லாத ஊரில் இப்படிப்பட்ட மாற்றத்தின் சுமை முழுவதும் பயன்படுத்துபவர் தலையில்தான் விழும்.

எங்கே தேடுவது?

மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் படிப்படியாகப் பார்த்தால் இந்தக் கோளாறு அகப்படும்.

முதலாவது, பெயரை விட்டு எண்ணை அழைத்துப் பாருங்கள். 'பிங்' என்ற கட்டளையால் 1.1.1.1 போன்ற பொது எண்ணை அழைத்தால் விடை வருகிறதா? வந்தால் கம்பியும் இணைப்பும் நலம், பழுது பெயர்மாற்றத்தில்தான். சில வலைகள் பிங் கட்டளையைத் தடுப்பதும் உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, 'என்எஸ்லுக்அப்' கட்டளையால் 8.8.8.8 போன்ற ஒரு பொது சர்வரிடமே நேராக அந்தப் பெயரைக் கேளுங்கள். அங்கே விடை கிடைத்தால், நம் கணிப்பொறியின் அமைப்பிலோ, அது வழக்கமாகக் கேட்கும் சர்வரிலோ பழுது இருக்கிறது.

மூன்றாவது, கணிப்பொறி யாரைக் கேட்கிறது, எந்த வரிசையில் கேட்கிறது என்று பாருங்கள். ஹோஸ்ட்ஸ் கோப்பில் பழைய வரி ஏதும் கிடக்கிறதா? நினைவில் தேங்கிய பழைய விடைகளை அழித்துப் பார்த்தீர்களா? நாள், நேரம் சரியாக உள்ளனவா? பெயர் விடைகளுக்குக் கையொப்பம் இடும் முறை 2010இல் வேர் சர்வர்களுக்கும் வந்துவிட்டது. கையொப்பத்தைச் சோதிக்கும் கணிப்பொறியின் கடிகாரம் தவறினால், நல்ல விடையையும் அது பொய் என்று தள்ளிவிடும்.

நான்காவது, திருத்தத்தை உரிய இடத்தில் செய்யுங்கள். தானாக எழுதப்படும் கோப்பைத் திருத்துவது, மேல்தொட்டியில் கலங்கல் இருக்கக் குழாயைத் துடைப்பது போன்றது. வலை அமைப்புத் திரையில் சர்வர் எண்ணைக் கொடுத்தால் அது நிலைக்கும்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. அவசரத்தில் யாரோ சொன்ன சர்வர் எண்ணை எழுதிவிடக் கூடாது. டி.என்.எஸ். சேஞ்சர் என்ற தீய நிரல், சுமார் 40 இலட்சம் கணிப்பொறிகளில் சர்வர் எண்ணைக் கள்ளத்தனமாக மாற்றியது. 2011 நவம்பரில் குற்றவாளிகள் பிடிபட்டனர். ஆனால் அந்தக் கள்ள சர்வர்களை உடனே நிறுத்தினால் அத்தனை கணிப்பொறிகளுக்கும் இணையம் அற்றுப்போகும் என்பதால், 2012 ஜூலை 9 வரை மாற்று சர்வர்களை நடத்த வேண்டியதாயிற்று. பெயருக்கு எண் சொல்பவரைக் கைக்குள் போட்டுக்கொண்டவர், வங்கிக்குச் செல்பவரையும் வேறு வாசலுக்கு அனுப்ப முடியும்.

இந்தத் தொல்லைக்கு அஞ்சிப் பலர் இயக்க அமைப்பைப் புதுப்பிப்பதையே தள்ளிப்போடுகிறார்கள். அது பழைய பூட்டின் குறை தெரிந்த பிறகும் அதையே தொங்கவிடுவதாகும். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் இதை விளக்கவும் வேண்டுமோ? புதுப்பிப்பதற்கு முன், இப்போதுள்ள சர்வர் எண்களையும் வலை அமைப்பையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இணையம் நின்றுபோன நேரத்தில், இணையத்தின் உதவியின்றியே படிக்கக்கூடிய குறிப்பு அதுதான்.