கட்டுநாயக்க – திருச்சிராப்பள்ளி வான்வழி

இலங்கையின் கட்டுநாயக்கவிலுள்ள பண்டாரநாயக்க பன்னாட்டு விமான நிலையத்தையும் தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளியையும் இணைக்கும் வழி. நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 420 கி.மீ.; நேரடி விமானப் பயணம் சுமார் 1 மணி நேரம்.

மலையகத் தொடர்பு: 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலிருந்தோ அட்டனிலிருந்தோ புறப்படுவோர், வளைந்திறங்கும் மலைப்பாதையில் கட்டுநாயக்கவை அடையவே பல மணி நேரமாகும். பயணத்தின் பெரும்பொழுது தரையிலேயே கழிகிறது.

முந்தைய வழி: 1914 முதல் தலைமன்னார்–தனுஷ்கோடி கப்பலும் இருகரை ரயில்களும் இப்பயணத்துக்கு உதவின. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடியது. அதே ஆண்டு அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல அவ்வழியே கடல் கடந்தன. 1980களின் முற்பகுதியில் அச்சேவை நின்றது.