ஒரே நாளில் பேய்மழை... காலநிலை மாற்றம்தான் காரணமா? விஞ்ஞானிகள் எப்படி கண்டுபிடிக்கிறாங்க?

ஊட்டியில் உறைபனி விழுந்தால், "எங்கப்பா போச்சு குளோபல் வார்மிங்?" என்று மீம்ஸ் பறக்கிறது. சென்னையில் மழை கொட்டினால், "எல்லாம் காலநிலை மாற்றம்தான்" என்கிறார்கள். எது சரி? இரண்டுமே அவசரப்பட்டு சொல்வதுதான்.

வானிலை வேறு, காலநிலை வேறு

இன்றைக்கு அடிக்கிற வெயிலும் பெய்கிற மழையும் வானிலை. பொதுவாக 30 ஆண்டுகளின் சராசரிதான் காலநிலை. உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி, 2024-ல் பூமியின் சராசரி வெப்பநிலை 1850-1900 காலகட்டத்தைவிட சுமார் 1.55 டிகிரி செல்சியஸ் அதிகம். ஒரு ஊரின் ஒரு நாள் குளிர் இதைப் பொய்யாக்காது. ஒரு நாள் வெயில் இதை நிரூபிக்கவும் செய்யாது.

அப்போ, உள்ளூர் வானிலையை வைத்து எதுவுமே சொல்ல முடியாதா?

சொல்லலாம், கணக்கு போட்டுப் பார்த்தால்! பழைய வானிலைப் பதிவுகளையும் கணினி மாதிரிகளையும் விஞ்ஞானிகள் எடுத்துக்கொள்கிறார்கள். பூமி சூடாகாமல் இருந்திருந்தால் இதே வெயில், இதே மழை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வந்திருக்கும், இப்போது எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று ஒப்பிடுகிறார்கள்.

2022 மார்ச், ஏப்ரலில் இந்தியாவையும் பாகிஸ்தானையும் வாட்டிய வெயிலை 'வேர்ல்டு வெதர் அட்ரிபியூஷன்' குழு இப்படி ஆராய்ந்தது. காலநிலை மாற்றத்தால் அந்த வெயிலுக்கான வாய்ப்பு சுமார் 30 மடங்கு கூடியிருந்தது தெரியவந்தது.

2015 சென்னை வெள்ளத்துக்கு என்ன பதில்?

இங்கேதான் ட்விஸ்ட். 2015 டிசம்பர் 1-ம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. ஆனால், அந்த மழையில் காலநிலை மாற்றத்தின் தெளிவான தடயம் ஆய்வில் கிடைக்கவில்லை. சென்னையை ஒட்டிய வங்கக் கடல் மற்ற கடல்கள் அளவுக்கு சூடாகாததும், காற்று மாசு வெயிலை மறைத்ததும் காரணமாக இருக்கலாம் என்றனர் ஆய்வாளர்கள்.

இனி பயமில்லை என்று அர்த்தமா? இல்லை. வெப்பம் 1 டிகிரி கூடினால் காற்று சுமார் 7% கூடுதல் ஈரப்பதத்தைப் பிடித்து வைக்கும். அதனால் கனமழை இன்னும் வலுக்கும் என்பதே விஞ்ஞானிகளின் எச்சரிக்கை.

இது ஏன் முக்கியம்?

பழியை முழுக்க வானத்தின் மேல் போட்டால், தரையில் நடந்த தவறு தப்பித்துவிடும். ஏரிகளில் எழும்பிய கட்டடங்கள், சுருங்கிப்போன பள்ளிக்கரணை சதுப்பு நிலம், தூர்வாராத கால்வாய்கள்... எந்தக் காரணத்தால் மழை பெய்தாலும், தண்ணீர் வடிய வழி வேண்டும். அதற்கு பதில் சொல்ல வேண்டியவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்.