வளையமிடல், கழுகுக் குஞ்சுகளுக்கு (சானல் தீவுகள்)

கலிபோர்னியாக் கரைக்கு அப்பாலுள்ள சானல் தீவுகளில், கடலிற் கலந்த டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லி மீன்களின் வழியே தாய்ப்பறவையின் தேகத்தை அடைந்து முட்டையோட்டை மெலியச் செய்தமையால் 1960-களுக்குள் அற்றுப்போன வெண்தலைக் கழுகினத்தை மீட்கும் பொருட்டு, 1980 முதல் சாந்தா கத்தலீனாவிலும் 2002 முதல் சாந்தா குரூசிலும் இளங்கழுகுகள் விடப்பட்டன. அரை நூற்றாண்டிற்குப் பின், 2006-இல் சாந்தா குரூசில் இயற்கையாகவே குஞ்சு பொரிந்தது.

குஞ்சு ஏறத்தாழ எட்டு வாரப் பிராயம் அடைந்ததும், ஆராய்ச்சியாளர் கயிற்றின் துணையோடு கூட்டை எய்தி, அதன் கண்களை மறைத்துச் சாந்தப்படுத்தி, காலில் உலோக வளையம் பூட்டி, அலகை அளந்து, சிறிது இரத்தமும் எடுப்பர். இப்பணியில் மிக நுட்பமானது காலக்கணிப்பே: கால் முழுப்பருமன் எய்துமுன் வளையம் இடலாகாது, தாமதித்தாலோ, வெருண்ட குஞ்சு சிறகு முதிராமலே கூட்டினின்று குதித்துவிடும். தொலைவிலிருந்து அடையாளங்காண, சிறகிலும் வர்ணத்தகடு பொருத்துவதுண்டு.