அறையா, பந்தியா?

‘ஹோட்டலில் சாப்பிட்டேன்’ என்று நாம் சொல்வதைப் பிழை என்பவர்கள் உண்டு. ஹோட்டல் தங்குமிடம், சாப்பிடும் இடம் ரெஸ்டாரன்ட் என்பது அவர்கள் கட்சி. சொல்லின் பிறப்பும், அமெரிக்க மேற்கின் சிற்றூர்களில் அது வளர்ந்த விதமும் அந்தக் கட்சிக்குத் துணை நிற்கவில்லை. இலத்தீனில் ‘ஹோஸ்பெஸ்’ விருந்தினரையும் குறித்தது, விருந்தளிப்பவரையும் குறித்தது. ஹாஸ்பிடல், ஹாஸ்டல், ஹோட்டல் மூன்றும் அதன் வழி வந்தவை. பிரெஞ்சில் ‘ஸ’ ஒலி தேய்ந்து ‘ஓத்தெல்’ ஆன பிறகும் அது வாடகை அறைக்குள் அடங்கவில்லை. நகர மன்றம் ‘ஓத்தெல் தெ வீல்’. பாரிசின் பழைய மருத்துவமனை ‘ஓத்தெல் தியூ’. வருகிறவரை ஏற்கும் இல்லம் என்பதே சொல்லின் உயிர். நம் ‘விருந்து’ம் புதுமையைக் குறித்து, புதிதாய் வந்தவரைக் குறித்து, பிறகு அவருக்கு இடும் சோற்றுக்குப் பெயரான சொல்தான்.

அமெரிக்க மேற்குக்கு வருவோம். நியூ மெக்சிகோ மாநிலத்தின் சிமரோனில் உள்ள செயின்ட் ஜேம்ஸ் ஹோட்டல் 1872இல் சலூனாகத்தான் பிறந்தது. அங்கே சலூன் என்றால் மதுக்கூடம். நம்மூரில் அது முடிதிருத்தகமானது தனிக்கதை. சிமரோன் சலூனைத் தொடங்கிய ஆன்ரி லாம்பேர் பிரெஞ்சுச் சமையல்காரர். அறைகள் பின்னால் சேர்ந்தன. பழைய சலூன் உணவுக்கூடமாயிற்று. அதன் தகரக் கூரையில் துப்பாக்கிக் குண்டுத் துளைகள் இன்றும் இருக்கின்றன. ரயில் பாதை நெடுக ஹோட்டல்கள் நடத்திய பிரெட் ஹார்வியும் 1876இல் கான்சஸின் டொபீகா நிலையத்தில் சாப்பாட்டுக்கூடத்தைத்தான் முதலில் ஏற்று நடத்தினார்.

அறைகள் வந்த பிறகுதானே சலூன் ஹோட்டலாயிற்று என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆங்கிலத்தில் அறையில்லாமல் ஹோட்டல் இல்லை. ஆனால் அன்றைய அமெரிக்காவில் அறை மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் ‘லாட்ஜிங் ஹவுஸ்’, ஒரு படி கீழான பெயர். ஹோட்டல் என்று பலகை மாட்டினால் பந்தியும் எதிர்பார்க்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஹோட்டல்களில் அறைக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்தே கட்டணம் வாங்குவது பெருவழக்கு. ‘அமெரிக்கன் பிளான்’ என்ற தொழில்சொல் அதிலிருந்து வந்தது. அறையும் பந்தியும் சேர்ந்த அந்தப் பொருளில் தமிழ் பந்தியை எடுத்துக்கொண்டது. காரணம் எளிது என்றே நினைக்கிறேன்: வழிப்போக்கர் தங்கச் சத்திரமும் சாவடியும் நம்மிடம் முன்பே இருந்தன, காசுக்குச் சோறு விற்கும் கடைதான் புதிது, புதுப்பெயர் கேட்டது அதுதான். மிஞ்சிய பாதிக்கு ‘லாட்ஜ்’ என்ற சொல்லைத் தனியே வாங்கிக்கொண்டோம். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் ‘போர்டிங் அண்டு லாட்ஜிங்’ என்று பலகையில் எழுதினோம். அந்தப் பலகையில் சாப்பாடுதான் முதலில் நிற்கிறது.