அண்டாவில் பிழைத்த 400 வருஷம்

'ராம் ப்ரூவரி'னு முதல்ல படிச்சப்போ, யாரோ நம்ம ஊர்க்காரர் லண்டனில் ஆரம்பித்த கம்பெனி என்றுதான் நினைத்தேன். இல்லை, இந்த ராம் ஆட்டுக்கிடா.

தென்மேற்கு லண்டனில் வாண்ட்ஸ்வர்த். அங்கே தேம்ஸில் போய்ச் சேர்கிற வாண்டில் என்ற சின்ன ஆறு. அதன் கரையில் 'தி ராம்' என்று ஒரு சத்திரம். 1581-லேயே அங்கே பியர் காய்ச்சியிருக்காங்க. ஷேக்ஸ்பியருக்கு அப்போ 17 வயசு!

1831-இல் சார்லஸ் யங்கும் அவர் கூட்டாளியும் ஆலையை வாங்கினார்கள். 1835-லும் 1867-லும் வைத்த நீராவி இன்ஜின்கள் 1976 வரை ஓடின. அது கான்கார்ட் பயணிகளோடு பறக்க ஆரம்பித்த வருஷம். பக்கத்துப் பப்களுக்குப் பீப்பாய்கள் குதிரை வண்டியில்தான் போகும். இது பழமைப் பிடிவாதம்தான், ஆனா எனக்குப் பிடிச்சிருக்கு.

நகரம் வளர வளர, பியரைவிட ஆலை நிற்கிற மண்ணுக்கு விலை ஏறியது. 2006 செப்டம்பரில் ஆலையை மூடினார்கள். அதே வாரத்தில் சேர்மன் ஜான் யங்கும் இறந்துபோனார். யங்ஸ் பியர் பெட்ஃபோர்டுக்குப் போனது. ஆலை இருந்த இடத்தில் இப்போது 'ராம் குவார்ட்டர்' அடுக்குமாடி வீடுகள்.

பழைய கட்டடங்களை இடிக்க முடியாது, பாரம்பரியச் சட்டம் இருக்கு. ஆனா உள்ளே நடந்த வேலையைக் காப்பாற்ற எந்தச் சட்டமும் இல்லை. அதைச் செய்தது ஒரே ஒரு ஆள். ஆலையில் பியர் காய்ச்சிக்கொண்டிருந்த ஒருத்தர், மூடிய பிறகும் அங்கேயே இருந்து, மிச்சம் மீதி சாமான்களை ஒட்டுப்போட்டு, அண்டா கணக்கில் காய்ச்சிக்கொண்டே இருந்தார். 1581-இல் தொடங்கிய தொடர்ச்சி அறுந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் காரணம்.

இது கணக்கில் சேருமா? வியாபாரமாகப் பார்த்தால் சேராது. நான் சேர்ப்பேன். அந்தக் கை பழக்கம் விடாமல் இருந்ததே.

2021-இல் பக்கத்து பேட்டர்ஸியிலிருந்து சாம்ப்ரூக்ஸ் என்ற சின்ன ப்ரூவரி ராம் குவார்ட்டருக்கே குடிவந்தது. அந்தப் பழைய நீராவி இன்ஜின்கள் இன்னும் அங்கேதான் இருக்கு. லண்டன் போனா எட்டிப் பாருங்க.