ஸ்லக்கிங்

ஸ்லக்கிங் என்பது முன்பின் அறியாதவர்கள் வேலைக்குச் செல்லும் வழியில் ஒரே மகிழுந்தில் கட்டணமின்றிச் சேர்ந்து பயணிக்கும் முறை ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் வாசிங்டன் டி. சி. நகருக்கும் அதை அடுத்துள்ள வடக்கு வர்ஜீனியாப் புறநகர்களுக்கும் இடையே இது 1970களில் தோன்றியது. இதனை எந்த நிறுவனமும் தொடங்கவில்லை, அரசும் நடத்தவில்லை.

தோற்றம்

ஷேர்லி நெடுஞ்சாலையில் பேருந்துகளுக்கென 1969இல் தனித்தடம் திறக்கப்பட்டது. 1973 டிசம்பர் முதல், நால்வரோ அதற்கு மேற்பட்டோரோ செல்லும் மகிழுந்துகளும் அத்தடத்தில் அனுமதிக்கப்பட்டன. ஆள் குறைந்த ஓட்டுநர்கள் பேருந்து நிறுத்தங்களில் நின்றோரை ஏற்றிக்கொண்டனர். 1989இல் இவ்வெண்ணிக்கை மூன்றாகக் குறைக்கப்பட்டது.

பேருந்துக் கட்டணப் பெட்டியில் இடப்படும் போலி நாணயத்திற்கு ஆங்கிலத்தில் 'ஸ்லக்' என்று பெயர். நிறுத்தத்தில் நின்றும் பேருந்தில் ஏறாதவர்களை ஓட்டுநர்கள் அவ்வாறு அழைத்தனர் என்பர்.

நடைமுறை

மகிழுந்து ஓட்டுநர் வரிசையருகே வந்து செல்லுமிடத்தைக் கூறுவார். அங்குச் செல்லும் முதல் இருவர் ஏறிக்கொள்வர். பணம் கைமாறுவதில்லை. பயணிகள் தாமாகப் பேச்சைத் தொடங்குவதில்லை. வரிசையில் ஒரு பெண்ணைத் தனியே விட்டுச் செல்லலாகாது என்பது எழுதப்படாத விதி.

பயணத் தேர்வில் விளைவுகள்

ஓட்டுநருக்கு நேரமும் பயணிக்கு நேரத்துடன் கட்டணமும் மிஞ்சுகின்றன. எனவே பலர் தம் வண்டியைப் புறநகர் வாகன நிறுத்தகங்களில் விட்டுவிட்டு வரிசையில் நின்றனர். எனினும், மாலையில் வண்டி கிடைக்காவிடின் வீடு திரும்புவது எப்படி என்ற கேள்வி எழுகிறது. இதனாலேயே, வேறு பொதுப் போக்குவரத்து உள்ள தடங்களில்தான் இம்முறை நிலைத்தது. காலையில் பிறர் வண்டியிலும் மாலையில் பேருந்திலும் செல்வோரும் உண்டு. ஆகவே பேருந்து இதற்குப் போட்டி மட்டுமன்று, காப்பும் ஆகும்.

இதனால் நெரிசல் குறைகிறது என்று எளிதில் கூறிவிட இயலாது. சான் பிரான்சிசுக்கோவில் இதையொத்த முறையைப் பற்றி 2016இல் வெளியான ஆய்வில், பயணிகளுள் முக்கால் பங்கினர் முன்பு பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்தியவர்கள் எனத் தெரியவந்தது. அங்கு 2010 சூலையில் பகிர்வு வண்டிகளுக்கும் 2.50 டாலர் பாலக்கட்டணம் விதிக்கப்பட்டதும், பயணியும் ஒரு டாலர் தரவேண்டுமா என்ற வழக்கு எழுந்தது.

வர்ஜீனியாவில் 95ஆம் எண் நெடுஞ்சாலையின் தனித்தடங்கள் 2014 டிசம்பரில் கட்டணத் தடங்களாயின. மூவர் சென்றால் கட்டணமில்லை. பணம் செலுத்துவோர் தனியாகவும் செல்லலாம். 2020இல் கொரோனாப் பெருந்தொற்றால் அலுவலகங்கள் மூடப்பட்டபோது வரிசைகள் மறைந்தன. பின்னர் ஓரளவே மீண்டன. ஆள் குறைந்தால் காத்திருப்பு நீள்கிறது. காத்திருப்பு நீண்டால் ஆள் மேலும் குறைகிறது.